முளைக்குச்சிகள் இடம் மாறிய சாலை

தாலுகா போர்டில் ஓவர்சீயராகச் சேர்ந்ததும் நான் முதலில் பழகிக்கொண்டது யாரையும் நம்பாமலிருப்பது. சாலை வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், ஊரில் ஒவ்வொருவரும் அது எங்கே போகவேண்டும் என்று ஒரு காரணத்தோடு வருவார்கள். காரணத்தைக் கொஞ்சம் கிளறினால் அவர்களுடைய வயலோ வீட்டு வாசலோ வெளிப்படும்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஓர் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து பெரிய சாலை வரைக்கும் புதுச் சாலை போட உத்தரவானது. மழைக்காலத்தில் வாழைத்தார் வண்டிகள் சேற்றில் புதைவதாக மனு மேல் மனு வந்திருந்தது. புரட்டாசி வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து, நேர்கோட்டில் முளைக்குச்சிகள் அடித்தேன். கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி, வண்டிப்பேட்டையின் வாசலை ஒட்டிப் போயிற்று. மாடு அவிழ்த்துக் கட்டவும், வைக்கோல் வாங்கவும், பதநீர் குடிக்கவும் வண்டிக்காரர்கள் தங்குகிற இடம் அது. நாற்பது வயதுள்ள ஒரு விதவை அதை நடத்திவந்தாள்.

மறுவாரம் போய்ப் பார்த்தால் பள்ளத்தில் ஒரு குச்சியும் இல்லை. கூப்பிடு தூரம் தள்ளி, பனைகள் நிற்கிற மேட்டின்மேல் அவை வரிசையாக நின்றன. பிடுங்கி எறிந்திருந்தால் குறும்பு என்று விட்டிருப்பேன். அளவெடுத்து நட்டது போல நட்டிருந்தார்கள். மறுபடி பள்ளத்தில் அடித்தேன். மறுபடி மேட்டுக்குப் போயின.

ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்திடம் கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேட்டைக்காரி வேலைதான் வே. பள்ளத்துக்கு அடுத்தாப்ல மிராசுதார் வயல் கெடக்கு. ரோடு வந்தா வயல்ல ஒரு துண்டு போயிரும்லா? என்ன பேசிக்கிட்டாங்களோ, யாரு கண்டா?"

அது எனக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாம் முறையும் பள்ளத்தில் குச்சிகளை அடித்துவிட்டு, மறுநாள் பனைமேட்டில் ஒரு மரத்தின் பின்னால் நின்று காத்திருந்தேன். ஒளிந்து பிடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பட்டப்பகலில், தலையில் ஒரு கட்டுக் குச்சியும் கையில் கல்லுமாக அவள் வந்தாள். கூட இரண்டு வண்டிக்காரர்கள்.

"சர்க்கார் குச்சியைப் பிடுங்குவது குற்றம், தெரியுமா அம்மா?" என்றேன், மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து.

அவள் திடுக்கிடவில்லை. "பிடுங்கி அடுப்பெரிக்கலயே ஐயா. நல்ல எடத்துல நட்டிருக்கேன். அந்தப் பள்ளத்துல கார்த்திகைல கழுத்தளவு தண்ணி நிக்கும். அங்கன ரோடு போட்டா ரோடு ஆத்தோட போயிரும்."

"மிராசுதார் சொல்லித்தானே செய்கிறாய்?"

வண்டிக்காரர்களில் ஒருவர் முன்னால் வந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "அவுகட்டயே போய்க் கேளுங்க" என்றாள்.

கேட்டேன். மிராசுதார் கோபப்பட்டார். பள்ளத்து ஓரத்தில்தான் அவருடைய நெல் களஞ்சியம் இருந்தது. சாலை அதன் வாசலுக்கு வரவேண்டும் என்று மனுப் போட்டவர்களில் அவரும் ஒருவர். அப்படியானால் பனைமேட்டால் லாபம் யாருக்கு? திரும்பி வருகிற வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மேட்டில் சாலை போனால் எந்த வண்டியும் பேட்டைப் பக்கம் வராது. அவளுடைய பிழைப்பே போய்விடும். இது எனக்கு நிம்மதி தரவில்லை, சந்தேகத்தைக் கூட்டியது. தன் தலையில் தானே மண் போட்டுக்கொள்ளும் மனுஷியை நான் அதுவரை பார்த்ததில்லை.

நேரே போய் அதையே கேட்டேன்.

"பேட்டையைப் பிரிச்சு மேட்டுல கெட்டிக்கிடலாம்" என்றாள். "ரோட்டைப் பிரிச்சுக் கெட்ட முடியுமா?"

அதற்கும் நான் சரி என்று சொல்லவில்லை. அளவு வேலை இன்னும் முடியவில்லை என்று எழுதிப்போட்டுவிட்டுக் கார்த்திகைக்காகக் காத்திருந்தேன். மழை வந்தது. ஆறு கரைமேல் ஏறிய மூன்றாம் நாள் போனேன். பள்ளம் முழுவதும் செந்தண்ணீர். பேட்டையின் கூரை மட்டும் தெரிந்தது. வைக்கோலையும் பானைகளையும் முன்பே மேட்டுக்கு ஏற்றியிருந்தாள். முப்பது வண்டிகளுக்குக் குறையாமல் பனைகளுக்கு நடுவே நின்றன. எது முன்னால் போகவேண்டும், எது காத்திருக்கவேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏலே, பைய விடு! முன்வண்டி இறங்கட்டும்!" மீசைக்கார ஆண்கள் ஒரு வார்த்தை எதிர் பேசவில்லை. நனைந்துகொண்டு நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது.

மேட்டு வழியே சரியானது, அதைக் காட்டியவள் பேட்டைக்கார அம்மாள் என்று அறிக்கை எழுதினேன். உதவி இஞ்சினியர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்ன வே, அந்தப் பொம்பள உமக்கு என்ன வேணும்?"

நான் மற்றவர்களைப் பார்த்த அதே பார்வை. தண்ணீர் வடியுமுன் நேரில் வந்து பார்க்கும்படி மட்டும் கேட்டுக்கொண்டேன். வந்தார், பார்த்தார். கோடு மேட்டுக்கு மாறியது.

அந்த வருஷம் டெல்லியில் சக்கரவர்த்தியின் முடிசூட்டு தர்பார் நடந்தது. எங்கள் ஜில்லாவிலும் பொதுக்காரியம் செய்தவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்தார்கள். புதுச் சாலைக்காகப் பத்திரம் வாங்கியவர் மிராசுதார். என் அறிக்கையிலிருந்த பெயர் எந்த மேசையில் மாறியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கர்ணத்தின்மேல் சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் அதே சாலையில் ஒரு சிறு பாலம் கட்ட இடம் பார்க்கவேண்டியிருந்தது. இந்த முறை உதவி இஞ்சினியர் என்னை மட்டும் அனுப்பாமல், என்னோடு தாமே வந்தார். மேட்டில் புதிதாகக் கட்டியிருந்த பேட்டையின் முன் நின்று, ஓடைத் தண்ணீர் எங்கே வேகமாகப் பாயும் என்று அவளிடம் கேட்டார்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்குக் கேக்கிய? எழுதிக்கிட்டுப் போயி யாரு பேரைப் போடுவிய?"

இஞ்சினியருக்கு முகம் சிவந்தது. "உன் பேரைத்தான்" என்றார்.

"நான் எழுத்துத் தெரியாதவ. இங்கனயே எழுதி, வாய்விட்டு வாசிங்க. அவங்களும் கேக்கட்டும்." வண்டிக்காரர்களைக் கூப்பிட்டாள். மாடுகளை விட்டுவிட்டு எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். இஞ்சினியர் வண்டி நுகத்தடிமேல் காகிதத்தை வைத்து, பாலத்துக்கு இடம் சொல்பவள் பேட்டைக்கார அம்மாள் என்று எழுதி, உரக்க வாசித்தார். அவள் நடுவில் நிறுத்தினாள்.

"தண்ணிப் போக்கு தெரிஞ்சது நான் மட்டுமில்ல. இந்த அண்ணாச்சி பேரையும் போடுங்க. இவரு பேரையும்."

அவர் மறுபேச்சில்லாமல் ஒவ்வொரு பெயராகக் கேட்டு எழுதினார். எழுதி முடித்து மறுபடி முதலிலிருந்து வாசித்த பிறகுதான் அவள் பாலத்துக்கான இடத்தைக் கையால் காட்டினாள்.