தொண்டைக்குள் இருந்த இன்னொரு தமிழ்

எண்பதுகளின் தொடக்கத்தில் பூவரசங்குளத்தில் பாலர் பாடசாலை ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது திடீரென்று குரல் நின்றுவிடும். இருமலில்லை, நோவுமில்லை. வவுனியா ஆஸ்பத்திரி டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்டுமில்லை. சேர்ச்சில ஒரு சிஸ்டர் இருக்கிறா. அவாவோட கதைச்சுப் பாருங்கோ."

அந்தக் கன்னியாஸ்திரி, கதைத்தே மனவருத்தம் மாற்றப் படித்தவராம். கதைக்க முடியாததுதானே என் வருத்தம்! அதை எப்படிக் கதைத்து மாற்றுவார் என்று பார்க்கும் ஆவலில்தான் போனேன்.

அறையில் இரண்டு கதிரைகள். மருந்துமில்லை, செபமுமில்லை. என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்ததையும், எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடுகள் எரிந்து லொறியில் வன்னிக்கு வந்ததையும் சில வாரங்களில் சொல்லி முடித்தேன்.

ஒருநாள் சிஸ்டர் இடைமறித்தார். "அம்மா லொறியில ஏறின கதையை வேற தமிழில சொன்னனீர். கவனிச்சனீரோ?"

இல்லை. 'ஏறவே மாட்டேன்னு அழுதாங்க' என்று தோட்டத்துப் பேச்சில் சொல்லியிருக்கிறேன். வந்த புதிதில் கடையில் நான் 'ஆமாங்க' என்றதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு 'ஓம்' என்று பழகிக்கொண்டேன். வீட்டில் அம்மாவைக்கூடத் திருத்தினேன்.

"எந்தக் கதை சொல்லேக்க தொண்டை அடைக்குது?" என்று கேட்டார் சிஸ்டர்.

அதைக் கண்டுபிடிக்க அந்த வாரம் முழுக்க என்னையே வேவு பார்த்தேன். புத்தகத்துக் கதைகளுக்குக் குரல் தடையில்லாமல் ஓடியது. அம்மா சொல்லித் தந்த கதைகளில்தான் நின்றது. ஒவ்வொரு சொல்லையும் உள்ளுக்குள் இந்த ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றுச் சொல் அகப்படாத இடத்தில் தொண்டை மூடிக்கொண்டது.

சிஸ்டரிடம் போகுமுன்பே வகுப்பில் சோதித்துப் பார்த்தேன். அம்மாவின் குருவிக் கதையை அம்மாவின் பேச்சிலேயே தொடங்கினேன். முன்னால் இருந்த சிறுமி சிரித்தாள்.

"டீச்சர், ஏன் வேற மாதிரிக் கதைக்கிறீங்கள்?"

"எங்க வீட்டுல இப்படித்தான் பேசுவோம்."

"அப்ப குருவியும் உங்கட ஊரோ?"

"ஆமா."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. கதை முடியும்வரை குரல் நிற்கவில்லை.

வகுப்பில் நடந்ததைச் சிஸ்டர் கேட்டுவிட்டு, "இனி வரத் தேவையில்லையெண்டு நினைக்கிறீரோ?" என்றார்.

நான் வருவேன் என்றேன். எனக்கே தெரியாமல் இவ்வளவு காலம் இது எனக்குள் இருந்திருக்கிறதென்றால், வேறென்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது.