பால் வாடை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

போன மாதம் என் தங்கையின் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரியில் உப்புச் சர்க்கரைக் கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் கொடுத்து, போக்கு நின்ற பிறகும் விடாமல் கொடுக்கச் சொன்னார்கள். தங்கை ஒரு கரண்டித் தண்ணீரில் அதைக் கரைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியே எங்கள் அப்பா உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அவளுக்கு அது நினைவில் இல்லை. எனக்கு இருக்கிறது.

எண்பதுகளில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தோம். அப்பா பால்கோவா கிண்டுகிற வேலை. விடியுமுன் போய்ப் பொழுது சாயத்தான் வருவார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே பால் வாடை வந்துவிடும். சட்டை, வேட்டி, மீசை எல்லாவற்றிலும் அதுதான். அந்த வாடைக்காகவே நான் ஓடிப்போய் அவர் வேட்டியில் முகத்தை வைத்துக்கொள்வேன்.

தங்கைக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து அடுக்களையின் மண்சுவரை நகத்தால் சுரண்டித் தின்பாள். சுவரில் ஒரு தட்டு அளவுக்குக் குழி விழுந்துவிட்டது. அம்மா அந்த இடத்தில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள், மிளகாயை அரைத்துப் பூசிப் பார்த்தாள். தங்கை பக்கத்து இடத்துக்கு மாறிக்கொண்டாள். கோடை மழை பெய்து மண் மணம் எழும்பினால் போதும், தூக்கத்தில் இருந்தாலும் எழுந்து சுவருக்குப் போய்விடுவாள்.

ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்த மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். அவருக்கு எதுவும் கேலிதான்.

“ஏட்டி, சுவத்தை முழுசாத் தின்னு முடிச்சுட்டா உங்கப்பன் எங்கெ போயிக் குடியிருப்பாரு? கொஞ்சம் மிச்சம் வையி.”

எல்லாரும் சிரிப்போம். அப்பா சிரிக்கமாட்டார். தங்கையின் உதடு வெள்ளைத் தாள் போல இருந்தது. நாலு வீடு தாண்டி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். வயிறு மட்டும் பெரிதாக இருந்தது.

எங்கள் தெருவுக்கு ஒரு நர்ஸம்மா வருவார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒருநாள் தங்கையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள். நகத்தைப் பார்த்தார்கள். அடித்தும் கேட்கமாட்டேன் என்கிறாள் என்று அம்மா சொன்னாள்.

“அடிக்காதீக தாயீ. ருசிக்கா தின்னுதா? உடம்புல இல்லாததை மண்ணுல தேடுதா. இரத்தத்துல இரும்புச்சத்து இல்லை. இந்த வெளுப்போட ஒரு காய்ச்சல் வந்தா பிள்ளை தாங்காது, பாத்துக்கிடுங்க.”

வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும், தினம் கொடுக்கச் சொல்லிச் சின்ன மாத்திரைகளும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமாவுக்கு இது போதாதா?

“நாள் முச்சூடும் இரும்புச் சட்டியில இரும்புக் கரண்டியைப் போட்டுக் கிண்டுதாரு அத்தான். அவரு பிள்ளைக்கு இரும்பு பத்தலையாமில்ல.”

தங்கை மாத்திரையைத் துப்பினாள். பொடித்துக் கொடுத்தாலும் துப்பினாள். அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றினால் சோற்றையும் சேர்த்து வாந்தி எடுத்தாள். அதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். முதலாளியிடம் கேட்டுச் சட்டியில் ஒட்டிய சுரண்டலை இலையில் மடித்து வாங்கி வந்தார். சுண்டைக்காய் அளவு உருட்டி, நடுவில் குழித்து, மாத்திரையை வைத்து மூடித் தங்கையின் வாயில் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். மிச்சச் சுரண்டல் எனக்கு. இந்த வைத்தியம் நீண்ட காலம் நடக்க வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டேன்.

அப்பா ஒருநாளும் தவறவில்லை. காய்ச்சலில் வேலைக்குப் போகாத அன்றுகூட, என்னைக் கடைக்கு அனுப்பிச் சுரண்டலை வாங்கி வரச் சொன்னார். அவருக்கு அதில் ஒரு பெருமை. பக்கத்து அடுப்புக்காரர்களுக்கெல்லாம் தன் வழியைச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் தங்கையின் உதட்டில் நிறம் வரவில்லை. சுவரில் குழி பெரிதாகிக்கொண்டே போனது. அம்மா வாய்விட்டே சொல்லிவிட்டாள்: “எனக்கு இந்தப் பிள்ளை தங்குமான்னு பயமா இருக்கு.”

நர்ஸம்மா மறுபடி வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார்.

“மாத்திரை குடுக்கீகளா அண்ணாச்சி?”

“ஒரு பொழுது விட்டதில்லை நர்ஸம்மா. பால்கோவாக்குள்ள வச்சுக் குடுக்கேன். பிள்ளை சத்தமில்லாம முழுங்கிரும்.”

நர்ஸம்மா தங்கையின் இமையை மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: “பாலு நல்லதுதான். ஆனா இந்த மாத்திரையோட சேந்தா, சத்தை உடம்புல ஏற விடாது. ரெண்டுக்கும் நடுவுல நேரம் விட்டிரணும். புளிப்போட குடுங்க. நெல்லிக்காய், எலுமிச்சை, எதுனாலும்.”

அப்பா கையிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பார்த்தார்.

“அப்ப நாந்தான் மறிச்சிக்கிட்டு நின்னிருக்கேனா?”

“அதை விடுங்க அண்ணாச்சி. இம்புட்டு நாளும் விடாமக் குடுத்த கையி இருக்கே, அது போதும் எனக்கு. இனிமே மாத்திக் குடுங்க.”

அன்று மிச்சச் சுரண்டல் முழுவதும் எனக்கே கிடைத்தது. அதோடு அது நின்றுபோனது. அப்பா பிறகு வீட்டுக்குப் பால்கோவா கொண்டுவரவே இல்லை.

அது மட்டும் இல்லை. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழையமாட்டார். நேராகக் கிணற்றடி. வேட்டியையும் சட்டையையும் வெளியே கொடியில் போட்டுவிட்டு, சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்து, மீசையைக் கூடக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வருவார். நான் ஓடிப்போனால், “கிட்டக்க வராதலே, அந்தப் பிள்ளையத் தொடுவ” என்று விரட்டுவார். பாலின் வாடைகூட மாத்திரையைத் தடுத்துவிடும் என்று அவர் நினைத்தார். என் மேல் ஏதோ கோபம் என்று நான் நினைத்தேன்.

மாமா விடுவாரா?

“வாடைக்கெல்லாம் மாத்திரை ஓடிப் போயிராது அத்தான்.”

“போகாதுன்னு உனக்குத் தெரியும் மாப்ளே. எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு ஒரு குளி குளிச்சா என்ன கொறஞ்சு போச்சு?”

மாமா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அய்யனார் கோவில் பக்கம் போய் ஒரு பை நிறைய மலைநெல்லிக்காய் கொண்டுவந்தார்.

நெல்லிக்காய் என்றாலும் தங்கை வாயைத் திறக்கவில்லை. அப்பா அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு காயைத் தானே கடிப்பார். கண்ணைச் சுருக்கி, மூக்கைக் கோணி, காது ஆடுகிற மாதிரி ஒரு முகம் காட்டுவார். கடைத்தெருவில் சத்தம் போட்டுப் பேசக்கூடக் கூச்சப்படுகிற மனிதர். தங்கை சிரிக்க வாயைத் திறந்ததும், கரண்டியில் தயாராக இருக்கும் நெல்லிச்சாறும் மாத்திரைப் பொடியும் உள்ளே போய்விடும். அவள் துப்ப நினைப்பதற்குள் அடுத்த முகம். தினமும் புளிப்பைக் கடித்து அவருக்குப் பல் கூசிப்போனது. சோற்றைக் கூழாகப் பிசைந்து விழுங்குவார். “பிள்ளைக்கு வைத்தியமா, உங்களுக்கு வைத்தியமா?” என்று அம்மா கேட்பாள்.

ஐப்பசியில் ஒருநாள் பொழுது சாயும் நேரம் மழை பிடித்தது. மண் மணம் வீடு முழுக்க வந்தது. தங்கை அடுக்களையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா பதறி எழுந்து சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அப்போது அப்பா வந்தார். நனைந்தபடி வாசலிலேயே நின்று தங்கையைப் பார்த்தார். அவள் மூக்கைத் தூக்கி மோந்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து கொட்டையைச் சுண்டினாள். சுண்டிய கொட்டை அம்மாவின் காலைத் தாண்டி ஓடிப்போய்ச் சுவரடிக் குழிக்குள் விழுந்தது. எழுந்து போனாள். கொட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா கிணற்றடிக்குப் போகவில்லை. பால் வாடையோடு, ஈர வேட்டியோடு அப்படியே உள்ளே வந்து தங்கையைத் தூக்கிக்கொண்டார். மறு கையால் என்னை இழுத்து வயிற்றோடு வைத்துக்கொண்டார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்த வாடை. நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகம் மறுபடி நனைந்திருந்தது. மறுபடி துடைத்தார், மறுபடியும் நனைந்தது.

கூரை ஒழுகுகிறது போல என்று நினைத்து நான் அண்ணாந்து பார்த்தேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.