பச்சை நூலில் தொங்கிய மூளை

மருத்துவக் கல்லூரியின் முதல் வருடத்தை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது, பிணம் கெடாமல் இருக்க ஊற்றும் ஃபார்மலினின் நெடிதான். கண் எரியும், மூக்கு ஒழுகும். ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பினால் அம்மா என்னை நேரே குளியலறைக்குத்தான் அனுப்புவாள். இன்றும் எங்காவது அந்த நெடி அடித்தால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு மட்டும் பதினெட்டு வயது திரும்பி வந்துவிடுகிறது.

வேலப்பன்சாவடிப் பக்கம் இருந்தது எங்கள் கல்லூரி. அறுத்துப் படிக்க ஓர் உடலுக்கு எட்டு மாணவர்கள். மேசையில் எனக்கு எதிரே நின்றவள் பூந்தமல்லிக்காரி. அவளுடைய அப்பாவுக்கு, அவள் வாயில் அத்தாவுக்கு, அங்கே தையல்கடை. சரியான வாயாடி. சர்ஜன் ஆக வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. கேன்டீன் ஆரஞ்சைக்கூட ஒரே தோலாக உரித்துக் காட்டிவிட்டுத்தான் தின்பாள்.

மூளையை எடுக்கும் நாளுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். மண்டையோட்டை ரம்பத்தால் சுற்றி அறுத்து, உளியால் நெம்பியபோது வந்த சத்தத்தில் எங்கள் மேசையிலிருந்து இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். அவள் மட்டும் இன்னும் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். நான் உள்ளங்கையால் மூளையைத் தாங்கிக்கொண்டேன். அவள் முன்பக்கத்திலிருந்து நரம்புகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனாள். கடைசியில் தண்டுவடத்தையும் வெட்டியதும் முழு மூளையும் என் கையில் வந்து உட்கார்ந்தது. ஒரு மனிதர் ஆயுள் முழுக்க யோசித்ததெல்லாம் இவ்வளவுக்குள்தானா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எடுத்த மூளையை அப்படியே வாளியில் போடக் கூடாது. அதன் அடியில் ஓடும் ரத்தக்குழாய்க்குள்ளே நூலை நுழைத்து, வாளியின் கைப்பிடியில் கட்டி, ஃபார்மலினில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வாளியின் அடியில் பட்டால் பட்ட பக்கம் தட்டையாகவே இறுகிவிடும். அன்று கூடத்தில் நூல் தீர்ந்துபோயிருந்தது. அவள் தன் பையிலிருந்து அத்தா கடைப் பச்சை நூல்கண்டை எடுத்துத் தந்தாள்.

"மூணு முடிச்சு போடுடி. இது வழுக்கும்" என்று சொல்லிவிட்டுக் கத்திகளைக் கழுவப் போனாள்.

ஆவடி பஸ் கிளம்ப ஐந்து நிமிடம்தான் இருந்தது. நான் ஒரே முடிச்சைப் போட்டுவிட்டு ஓடினேன்.

இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்தோம். நூல் மேலே மிதந்தது. மூளை, பைக்குள் நசுங்கிய பன் மாதிரி வாளியின் அடியில் கிடந்தது. உடற்கூறியல் மேடம் அந்த நூலைத் தூக்கிக் காட்டினார்.

"இது யாரோடது?"

"என்னோடது மேடம்" என்றாள் அவள்.

கட்டியது யார் என்று மேடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மூளைப் பாடம் முடியும்வரை அவள் கத்தியைத் தொடக் கூடாது, புத்தகத்தை வாசித்துக் காட்டினால் போதும் என்று உத்தரவானது.

பக்கத்து மேசையின் மூளையில் ஒன்றரை மாதம் அவள் வாசிக்க, நான் அறுத்தேன். அவள் ஒரு நாளாவது முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் உடைத்துச் சொல்லியிருப்பேன். அவளோ வழக்கம்போல என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே அந்த வருடத்தைக் கடத்திவிட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

இப்போது அவள் சர்ஜன். போன மாதம் பூந்தமல்லியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்துப் பழங்கதை பேசிக்கொண்டிருந்தபோது எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"அந்த முடிச்சு நான் போட்டதுடி. ஒண்ணுதான் போட்டேன்."

"தெரியுமே" என்றாள்.

"அப்புறம் ஏன்டி மேடம்கிட்ட சொல்லலை?"

அவள் தட்டுகளை அடுக்குவதை நிறுத்தினாள்.

"நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அந்த ஒன்றரை மாசமும் ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்."