மாப்பிள்ளை வண்டிக்குக் கறுப்புத் துணி

யுத்தம் தொடங்கிய மறு வருஷம், சித்திரை மாதம், புதன்கிழமை. மறுநாள் என் தங்கைக்கு மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் பழைய காரின் உள்கூரைத் துணியோ தொங்கி, ஏறுகிறவர் தலையில் உரசியது. பட்டறைக் கூலி எங்களுக்குக் கட்டாது. ஆகவே கிழக்கேகோட்டையில் குடை தைப்பவரைக் கரமனையில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஊசிகளைத் தொப்பியிலேயே குத்தி வைத்திருக்கும் ஒல்லி மனிதர்.

மாலையில் கார்க் கதவைத் திறந்தவன் அதிர்ந்துபோனேன். கூரை முழுக்கக் கன்னங்கரேலென்று குடைத்துணி!

"கறுப்பா? மாப்பிள்ளை தலைக்கு மேலயா? அம்மா பார்த்தா மயக்கம் போட்டு விழுந்துடுவா, ஐயா!"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சாமீ, காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை பிடிக்கிற குடை என்ன நிறமாக்கும்? உங்க தெருக் குடையெல்லாம் நானல்லவா தச்சுத் தர்றது!"

தெருக் கல்யாணங்களை நாள், நட்சத்திரத்தோடு எழுதி வைப்பவன் நான். அந்தக் குடையின் நிறத்தை ஒருநாளும் கவனித்ததில்லை.