மூன்றாவது தகடு

மார்லிஸ் ஆஸ்ட்பி பள்ளிப் பேருந்து ஓட்டினாள். இருபத்தெட்டு வருஷம், மினசோட்டாப் பனியில், ஒரு பிள்ளைக்கும் கீறல் படாமல். ஊரில் அவளுக்கு இருந்த பெயர் அது. நாங்கள் சொந்தமாக விமானம் கட்டும் திடலில் மட்டும் அவள் வெறும் "கோர்டி பெண்டாட்டி".

கோர்டி உதிரிபாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, இருவர் உட்காரும் விமானம் ஒன்றை ஏழு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் கொட்டகைக்கும் என் கொட்டகைக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றுச் சுத்தியலால் ஆணியின் தலையில் அடிப்பார். உள்ளே ஒருவர் அதன் வாலில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். வால் சரியாக நசுங்கியதா என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். அடிக்கும்போது இருவர் காதிலும் மூடிகள், பேச முடியாது. அதனால் கட்டியால் தகட்டில் தட்டிச் சொல்வது வழக்கம். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் சரியில்லை. எங்கள் திடலில் உள்ளே முடங்கிக் கிடப்பவர்கள் எப்போதும் பெண்டாட்டிமார்தான். அவர்களுக்குச் சின்ன உடம்பு என்று நாங்கள் காரணம் சொல்லிக்கொள்வோம்.

அந்த ஜனவரியில் விமானத்தின் வால்பகுதி வேலை நடந்தது. ரிவெட் தன் பருமனைப் போல ஒன்றரை மடங்கு தகட்டுக்கு வெளியே நீண்டிருந்தால்தான் நசுங்கிப் பிடிக்கும். கட்டும் முறை சொல்லும் புத்தகம் அந்த இடத்துக்கு ஐந்தாம் நம்பர் நீளம் என்றது. அது இரண்டு தகட்டுக்குப் போட்ட கணக்கு. கோர்டியோ, உறுதிக்காக என்று உள்ளே மூன்றாவதாக ஒரு தகட்டை வைத்திருந்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் அவன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மார்லிஸின் சத்தம் கேட்டது.

"கோர்டி, ரிவெட் வால் பத்தல. அளந்து பாத்துட்டேன். ஆறாம் நம்பர் எடு."

"புத்தகத்துல அஞ்சுன்னுதான் இருக்கு."

"புத்தகம் எழுதினவன் நீ செருகின மூணாவது தகட்டப் பாத்தானா?"

"நீ பஸ்ஸ ஓட்டு, பிளேன நான் பாத்துக்கறேன். பிடி."

சுத்தியல் அதிர்ந்து நின்றது. இரண்டு தட்டு. மறுபடி சுத்தியல். மறுபடி இரண்டு தட்டு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எண்ணினேன். நாற்பது வரை அவள் இரண்டிரண்டாகத் தட்டினாள், அவன் நிற்கவே இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்குதான். பிறகு கொஞ்சம் இடைவெளி. அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரே தட்டு. அவள் கைவிட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

மார்ச்சில், வால்பகுதியை மூடுவதற்கு முன், எங்கள் விமான கிளப்பில் எல்லார் விமானத்தையும் சோதிக்கும் வெர்லின் வந்தார். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாக உள்ளே தலையை விட்டவர் சட்டென்று வெளியே வந்தார்.

"யாருய்யா அடிச்சது? ஒண்ணுகூடப் பிடிக்கல. நூத்திப் பன்னெண்டையும் துளை போட்டு எடு. இதோட பறந்திருந்தா வால் தனியா வந்திருக்கும்."

சுற்றி ஐந்தாறு பேர் நின்றோம். கோர்டியின் முகம் சிவந்துவிட்டது.

"என்னை என்ன பண்ணச் சொல்றீங்க? உள்ள இருந்தது அவ. ஒரு தட்டு தட்டினா. சரின்னு நம்பிட்டேன்."

"மொதல் நாப்பதுக்கு?" என்றாள் மார்லிஸ்.

"எனக்கு அப்படி எதுவும் கேக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து என் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். கோழை என்பதற்கு மேல் எனக்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

அத்தனையும் எடுத்து, ஆறாம் நம்பர் போட்டு அடித்தார்கள். உள்ளே கிடந்தது மறுபடி அவள்தான். மூன்று சனிக்கிழமை ஆனது.

ஜூனில் விமானம் பறந்தது. கிளப்பின் பான்கேக் காலை விருந்தில் கோர்டி அந்தக் கதையைத்தான் எல்லாருக்கும் சொன்னான். "எம் பெண்டாட்டி ஒழுங்கா எண்ணத் தெரியாம எனக்கு வச்ச வேல நூத்திப் பன்னெண்டு ரிவெட்டு!" கூட்டம் சிரித்தது. மார்லிஸ் அடுப்பருகே மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் விமானத்தின் கண்ணாடிக் கூண்டைத் திறந்து கையசைத்தான்.

"வா மார்லிஸ், ஒரு சுத்து போய்ட்டு வரலாம்!"

"நீ போ."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வெர்லினை ஏற்றிக்கொண்டு போனான். நான் தட்டோடு அடுப்பருகே நின்றேன்.

"ஏன் போகல? இப்பத்தான் ரிவெட் எல்லாம் சரியாயிடுச்சே."

"ரிவெட்டுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொண்ணா நானே பாத்தேன்." கரண்டியை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "மேல போனப்புறம் ஏதோ சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சா, யார்கிட்ட சொல்லுவேன் லைல்? அவனுக்குக் காதுல விழாது. காதுல விழுந்தது உனக்குத்தான். நீயும் வாயத் தொறக்கல."