ஊர்க் காசில் ஜெர்மனி

நான் ஊராட்சித் தலைவராக இருந்தபோது என் கைப்பேசி என்னிடம் இருந்ததில்லை. அது என் கணவருடைய சட்டைப் பையில் இருக்கும். "தலைவர் இருக்காங்களா?" என்று யாராவது கேட்டால், "தலைவர்தான் பேசறேன், சொல்லுங்க" என்பார். குரல் ஆண் குரலாக இருக்கிறதே என்று ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

காஞ்சிபுரத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. எங்கள் ஊராட்சி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும், உரக்கடை வைத்திருந்த அவர் போஸ்டரில் தன் படத்தைப் பெரிதாகவும் என் படத்தைத் தபால்தலை அளவிலும் போட்டு என்னை நிற்க வைத்தார். ஜெயித்தது நான், சால்வை போர்த்திக்கொண்டது அவர். ஊரில் அவரைத்தான் பிரசிடென்ட் என்பார்கள். என்னைப் பிரசிடென்ட் வூட்டம்மா என்பார்கள். அது எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது. காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம். அதிகாரிகள் கூட்டத்துக்கு மட்டும் நானே போயாக வேண்டும். அதற்கு அவர் ஒரே ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தார்: "யாரு இன்னா கேட்டாலும், கலந்து பேசிச் சொல்றேன்னு சொல்லிடு." அந்த வரியை வைத்தே பல கூட்டங்களை ஓட்டியிருக்கிறேன்.

ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து பாதியில் எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மே, நான் ஜெர்மனி போறேன்மே!"

"எதுக்குங்க?"

"குப்பையப் பாக்கறதுக்கு."

"நம்ம ஏரிக்கரையிலயே மலையாட்டம் குமிஞ்சிகினு இருக்குதே. அதப் பாத்தா ஆவாதா?"

"அது சும்மா குப்பை. இது கவர்மெண்டு செலவுல பாக்கற குப்பை. தலைவருங்கள செலக்ட் பண்ணி அனுப்பறாங்க."

மறுநாளே காஞ்சிபுரம் போய்க் கோட்டுக்கு அளவு கொடுத்தார். ஊர் எல்லையில் ஃபிளெக்ஸ் ஏறியது. அதில் அவர் விமானத்துக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டு நின்றார். நான் விமானத்தின் வால் பக்கம், ஒரு வட்டத்துக்குள் இருந்தேன். மாகறலில் இருந்தும் முசரவாக்கத்தில் இருந்தும் சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

பிறகு பயணத்துக்குப் பொறுப்பான அதிகாரியைப் பார்க்க இருவரும் போனோம். அவர் தங்கமான மனுஷர். யாரையும் நோகடிக்க மாட்டார். என் கணவருடைய பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சார், இது உங்க பேர்ல இருக்குதே."

"ஆமாங்க சார். நான்தானே போறேன்."

"மேடம்தானே சார் தலைவர்?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பல வருஷமாக வீட்டில் கிடந்த ஒரு பொருளுக்குத் திடீரென்று விலை வந்துவிட்டதைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"நானும் கூடப் போலாம் இல்லீங்களா?"

"தாராளமா. சொந்தச் செலவுல வாங்க."

டிக்கெட் விலையைக் கேட்டதும் அவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வந்த பிறகுதான் பேசினார்: "குளுரு அதிகமாம். எனுக்கு ஒத்துக்காது. நீயே போய்க்கினு வா." தைத்து வாங்கிய கோட்டை மட்டும் பிறகு நாலு கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனார், சித்திரை வெயிலில்.

எனக்கு அவசரமாகப் பாஸ்போர்ட் எடுத்தார்கள். கிளம்பும் நாள் காலையில் கைப்பேசியை என் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்கினால் வீடியோவில் அவர் வருவார் என்று பலமுறை காட்டினார். "எங்க போனாலும் எனுக்குக் காட்டு. நான் இங்கேர்ந்தே பேசிக்கிறேன்." நான் மிளகும் சுக்கும் தூக்கலாகப் போட்ட காஞ்சிபுரம் இட்லியை மந்தாரை இலையில் கட்டி எடுத்துக்கொண்டேன். அங்கே போய் இறங்கிய மறுநாளே, ரொட்டியைப் பார்த்து மிரண்ட மற்ற தலைவர்கள் எல்லாம் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். தென் மாவட்டத்து மீசைக்காரர் ஒருவர் இட்லியை வாயில் வைத்துக்கொண்டு கண் கலங்கியதைப் பார்த்தேன். மிளகு காரமாகவும் இருக்கலாம்.

எங்களுக்கு மொழி பெயர்க்க வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அங்கேயே பல காலமாக இருக்கிறவர். அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதி புரிந்தது. எங்கள் தமிழ் அவருக்கு அதைவிடக் குறைவாகப் புரிந்திருக்கும். ஆனால் பொறுமைசாலி.

குப்பைத் தொழிற்சாலைக்குப் போனது ஒரே ஒரு முற்பகல்தான். ஜெர்மன்கார இன்ஜினியர் ஒருவர் இயந்திரங்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி அலறியது. எடுத்தால் என் கணவர். அவருக்குப் பின்னால் எங்கள் ஊர் டீக்கடையே திரண்டு நின்றது.

"கேமராவத் திருப்புமே. அந்தப் பெல்ட்டக் காட்டு. ஆங்... அது எத்தினி எச்.பி. மோட்டாருன்னு கேளு."

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். இன்ஜினியர் பதில் சொன்னார்.

"கரண்டு போனா இன்னா பண்ணுவாங்கன்னு கேளு."

இங்கே கரண்ட் போகாது என்று பதில் வந்தது. டீக்கடையில் யாரோ, "பொய் சொல்றாம்பா" என்றார்கள்.

கேள்விகள் நிற்கவில்லை. அந்த இன்ஜினியர் என் கணவரை ஏதோ மந்திரி என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்துப் பணிவாகப் பேசினார். கடைசியில் மொழிபெயர்ப்பாளரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்.

"அக்கா, இவர் ஆர் எண்டு கேக்கிறார்."

"எங்க வூட்டுக்காரர்."

"அவரும் பஞ்சாயத்திலயோ வேலை செய்யிறார்?"

"இல்லீங்க. உரக்கடை வச்சிருக்கார்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். இன்ஜினியர் தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி. அதை மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக்காரர் தயங்கினார். "அப்ப நீங்கள் ஏன் ஒண்டும் கேக்கேல்லை எண்டு கேக்கிறார், அக்கா."

கைப்பேசியில் என் கணவர், "டவர் கட்டாவுதா? ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. அன்று நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் இப்போதும் கோபித்துக்கொள்வார்.

மற்ற நாட்களில் ஏரி, கோட்டை, சாக்லேட் கடை, மறுபடி ஏரி. போன இடத்திலெல்லாம், எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த அந்தத் தங்கமான அதிகாரி ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த நீள பேனரை விரிப்பார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்போம். அவர் படம் எடுப்பார். குப்பைத் தொட்டி ஒன்று கண்ணில் பட்டால் போதும், வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார். "தொட்டி தெரியணும்மா, தொட்டி தெரியணும். ஆடிட்ல கேப்பாங்க."

ஒரு சின்ன ஊரின் நகராட்சிக் கட்டடத்துக்கு எதிரில் அப்படி நின்றோம். நான் பட்டுப்புடவையின் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். குளிரில் எல்லோருடைய முகமும் விறைத்துக் கிடந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, எங்கள் பக்கத்தில் நின்று பேனரின் நுனியைத் தானும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

எங்கள் அதிகாரி வெலவெலத்துப்போனார். பையிலிருந்த காகிதத்தையெல்லாம் எடுத்து நீட்டினார், ரேஷன் கார்டு நகல் உட்பட. மொழிபெயர்ப்பாளர் போலீஸ்காரரிடம் நெடுநேரம் பேசிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

"நீங்கள் ஆர்ப்பாட்டம் செய்யிறியள் எண்டு நினைச்சுப்போட்டினம். அனுமதி வாங்கினதோ எண்டு கேக்கினம். இந்த ஐயா உங்கடை கோரிக்கைக்கு ஆதரவு குடுக்க வந்தவராம்."

"என்ன கோரிக்கைன்னு தெரியாமலேவா?" என்றார் மீசைக்காரர்.

"நகராட்சிக்கு எதிர்த்தாப்போல நிண்டால் நியாயமான கோரிக்கையாத்தான் இருக்கும் எண்டு சொல்லுறார்."

பேனரைச் சுருட்டி உள்ளே வைத்தோம். பிறகு அதே கட்டடத்துக்குள் போய் மேயரைப் பார்த்தோம். மேயர் ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும். கூட ஆள் இல்லை, மாலை இல்லை. காப்பியை அவரே ஊற்றிக் கொடுத்தார். நான் கொண்டுபோன பட்டு அங்கவஸ்திரத்தை ஆசையாகத் தடவிப் பார்த்தவர், விலை கூடிய பரிசைத் தான் வைத்துக்கொள்ள முடியாது, இது நகராட்சிக்குத்தான் போகும் என்று சொல்லிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

எங்கள் அதிகாரி பேச்சை வளர்க்க, "மேடம் எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்கீங்க?" என்று கேட்டார். ஒருமுறை பக்கத்து நாட்டில் ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்ததாகவும், அதை நகர மன்றத்தில் வைத்தபோது ஊர்க்காரர்கள் குடைந்து குடைந்து கேட்டதாகவும், கடைசியில் லீவு போட்டுவிட்டுத் தன் காசில் ரயிலில் போய்வந்ததாகவும் அந்த அம்மா சாதாரணமாகச் சொன்னார். எங்கள் அதிகாரி பிஸ்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இந்தப் பயணத்தைப் பற்றி உங்கள் ஊர் மக்கள் என்ன சொன்னார்கள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கைப்பேசியோ பைக்குள் இருந்தது. வாயில் வந்தது ஒரே வரிதான்.

"கலந்து பேசிச் சொல்றேன்."

மொழிபெயர்ப்பாளர் அதை என்னவென்று சொன்னாரோ, அந்த அம்மா எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊர் திரும்பியதும் மக்களைக் கூட்டி வைத்துப் பேசப்போகிறார். தலைவர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்றாராம். எங்கள் அதிகாரி பலமாகக் கை தட்டினார். அவருக்கு அப்போது எதற்காவது கை தட்டினால் போதும் என்றிருந்தது. எனக்குக் காது மடல் சுட்டது. திரும்பி வரும் விமானத்தில் எல்லோரும் தூங்கினார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. சொன்னது சொன்னதாகிவிட்டதே, கலந்து பேசாமல் எப்படி இருப்பது என்ற யோசனைதான்.

ஊர் எல்லையில் பம்பையும் பட்டாசுமாக வரவேற்பு. ரோஜா மாலையைப் பழக்க தோஷத்தில் என் கணவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

அடுத்து வந்த கிராம சபையை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. எல்லாக் கிராம சபையிலும் முதல் கேள்வி அவருடையது. பழக்கம் விடாமல் அன்றும் பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார்.

"நம்ம காசுல ஃபாரின் போய் வந்துகிறீங்க. சந்தோசம். இன்னா பாத்தீங்க, இன்னா கத்துக்கினீங்க? அதச் சொல்லுங்க."

என் கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "ஜெர்மனியில பாத்தீங்கன்னா..."

"நீ எப்பப்பா போனே?" என்றார் கண்டக்டர்.

சபை சிரித்த சிரிப்பில் அரச மரத்துக் காக்கைகள் பறந்தன. என் கணவர் நின்றபடியே என்னைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். ஜெர்மனியில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். எனக்குச் சொல்லிக் கொடுக்க அந்த இடத்தில் யாராலும் முடியாது.

உள்ளதைச் சொன்னேன். குப்பையைப் பார்த்தது ஒரு காலை வேளை, மற்றதெல்லாம் ஏரியும் கோட்டையும் என்றேன். பேனர் கதையைச் சொன்னபோது பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "ஒண்ணே ஒண்ணு கத்துக்கினேன். அங்க மக்குற குப்பையில பிளாஸ்டிக் கலந்திருந்தா எடுக்க மாட்டாங்க. வாசல்லயே வச்சிட்டுப் போயிடுவாங்க. போறவங்க வர்றவங்க எல்லாம் பாப்பாங்க. அந்த வெக்கத்துலயே மறுநாள் பிரிச்சிடுவாங்க."

"இதுக்கு அவ்ளோ தூரம் போவணுமாம்மா?"

"வேணாந்தாங்க. ஃபோன்ல கேட்டாலே சொல்லியிருப்பாங்க."

கண்டக்டர் மேற்கொண்டு சண்டை போடத் தயாராக வந்தவர். இந்தப் பதிலைக் கேட்டதும் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். பிறகு, "செரி, போனது போச்சி. அதையாவது செஞ்சி பாப்போம்" என்றார். இனி யார் எங்கே ஊர்க் காசில் போனாலும், போவதற்கு முன்னால் சபையில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்றும் தீர்மானம் போட்டோம். காட்டிய இடத்தில் இல்லாமல், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரமே தூய்மைக் காவலர் பெண்கள் வேலையை ஆரம்பித்தார்கள். முதல் நாள் வாசலிலேயே விடப்பட்ட பக்கெட் ஒன்றே ஒன்று. அது எங்கள் வீட்டுடையது. வாழைப்பழத் தோலுக்கும் முருங்கைக்காய்ச் சக்கைக்கும் நடுவில், என் கணவர் வாங்கி வந்த பார்சல் டீ கவர் கிடந்தது. பால்காரர் பார்த்தார். ஏனாத்தூர் காலேஜுக்குப் போகும் பிள்ளைகள் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"பிரசிடென்ட் வூட்டு பக்கெட்டயே எடுக்காம போறியா?" என்று என் கணவர் கத்தினார்.

"தலைவரம்மாதான் யார் வூடா இருந்தாலும் வுடச் சொன்னாங்க, சார்" என்றாள் வண்டி ஓட்டிய பெண்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்து மற்றவர்கள் பக்கெட்டில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் மானம் போன பிறகு அடுத்தவர் வீட்டில் ஒரு ஷாம்பு பாக்கெட்கூட அவருடைய கண்ணுக்குத் தப்பவில்லை. கண்டக்டர் வீட்டு பக்கெட்டில் மாத்திரை அட்டையைக் கண்டுபிடித்த அன்று மனிதருக்கு இரட்டைப் பங்கு சோறு இறங்கியது. ஊர் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெரு கொஞ்சம் தேவலாம்; ஏரிக்கரை அப்படியேதான் இருக்கிறது.

இப்போது பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஊரில் அவரை ஜெர்மன்காரர் என்கிறார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர், நிலைத்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் கடைக்கு உரம் வாங்க வந்தால், "நீங்க ஜெர்மனி போயிருந்தீங்களாமே?" என்று கேட்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. அந்த ஊர்க் குளிரைப் பற்றியும், கரண்டே போகாததைப் பற்றியும் விவரமாகச் சொல்கிறார். போன வாரம் நான் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, பனியில் நனைந்த ஒரு கோட்டையின் மேலே ஏறி நின்று பார்த்தால் மூன்று நாடுகள் தெரியும் என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கீழேயிருந்து பேனர்தான் பிடித்தேன், மேலே ஏறவில்லை. அதனால் நானும் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் சொன்னார்.