தங்கைக்காக நான் சொன்ன பதில்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். இந்த ஊரில் யாரும் எடுத்ததும் டாக்டரிடம் போவதில்லை. என்னிடம்தான் வருவார்கள். "வயிறு உப்புசமா இருக்குதும்மா, ஏதாச்சும் குடு" என்பார்கள், கொடுப்பேன். பௌர்ணமி என்றால் கேட்கவே வேண்டாம், மலை சுற்றிவிட்டு வருகிறவர்களுக்குக் கால்வலித் தைலமும் கேஸ் மாத்திரையும் எடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகும். சில பேர் என்னை டாக்டரம்மா என்றே கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிடாதீங்க என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தத் திமிர்தான் எங்கள் வீட்டைக் கெடுத்தது.

என் தங்கைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் ரிசப்ஷன் வேலை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். முகம் வெளுத்துக் கிடந்தது. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. "பொம்பளப் புள்ளைக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும், மாசா மாசம் போவுதில்ல" என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையும் கேஸ் மாத்திரையும் கொடுத்தேன். அம்மா தன் பங்குக்குக் கண்ணு பட்டுடுச்சு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

சில வாரம் கழித்து ஒரு காலையில், நான் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, வெளிக்கிப் போனா தார் மாதிரி கருப்பா போவுது."

"இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போவும்."

"மாத்திரைக்கு முன்னாடியே போச்சுக்கா."

"உனக்கு ஞாபகமில்ல. பேசாம சாப்பிடு."

நான் சொன்னது பொய் இல்லை. அந்த மாத்திரைக்குக் கருப்பாகத்தான் போகும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் போகும் என்று பார்மசிப் பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணினவளும் நான்தான். ஆனால் அதெல்லாம் வயசானவர்களுக்கு, குடிகாரர்களுக்கு வருகிற சமாச்சாரம் என்று மனசில் ஒரு கணக்கு. இவள் சின்னப் பெண், இவளுக்கு எப்படி வரும்?

ஆடிப் பௌர்ணமிக்கு விரதமிருந்து மலை சுற்றப் போனாள். அடி அண்ணாமலை தாண்டும்போது சாயங்காலமே மயங்கி விழுந்துவிட்டாள். கூடப் போனவர்கள் விபூதி பூசி, சோடா வாங்கிக் கொடுத்து, வெறும் வயிற்றுக் களைப்பு என்று ஆளாளுக்குத் தீர்ப்பு சொன்னார்கள். போன் வந்ததும் நான் கடையை விட்டு ஓடி, அவளை ஆட்டோவில் ஏற்றி, எனக்குத் தெரிந்த டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் எழுதுகிற சீட்டெல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும்.

ரத்தம் ரொம்பக் குறைவு என்று ரிசல்ட் வந்தது. டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். "மோஷன் கருப்பா போகுதாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அயர்ன் சாப்பிடறா சார், அதனாலதான்."

டாக்டர் தலையை ஆட்டினார். மெடிக்கல்காரி சொல்கிறாளே, சரியாகத்தான் இருக்கும். ரத்தம் ஏற்றி, இன்னும் கொஞ்சம் இரும்பு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

அதோடு ஐந்து மாசம் போயிற்று. திரும்பவும் மயங்கினாள். இந்தத் தடவை வேறு ஆஸ்பத்திரி, ஒரு லேடி டாக்டர். நான் பேச ஆரம்பித்ததுமே, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிஷம் கழித்து எண்டோஸ்கோப்பிக்குச் சீட்டு எழுதிவிட்டு வந்தவர், "மாத்திரைக்கு முன்னாடியே கருப்பா போச்சாமே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நான் சீட்டை வாங்கிக்கொண்டு பணம் கட்டப் போனேன்.

வயிற்றுச் சுவரில் கட்டி. மேலாகக் கிள்ளி எடுத்த சதையில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்ததும் நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். அந்த லேடி டாக்டர் நம்பவில்லை. கட்டி உள்தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது, மேலே கிள்ளினால் அகப்படாது என்று சென்னைக்கு அனுப்பினார். அங்கே ஆழமாக ஊசி விட்டு எடுத்துப் பார்த்துத்தான் பெயர் சொன்னார்கள். அபூர்வமான புற்றுக்கட்டியாம். அபூர்வம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு எரிகிறது. வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள். கல்லீரலில் இரண்டு இடத்தில் ஏற்கெனவே பரவியிருந்தது. முன்னாடியே வந்திருந்தால் பரவியிருக்காதா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். அப்போதே பரவித்தான் இருந்திருக்கும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குச் சென்னை போகிறோம். போன தடவை டாக்டர் அறை வாசலில் தங்கை தன் கைப்பையை என் மடியில் வைத்து, "நீ இங்கயே உக்காரு" என்று சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள். அரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னடி சொன்னாரு?"

"என் ஒடம்பப் பத்தி எங்கிட்ட சொன்னாருக்கா."

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தாள்.